உறக்கத்தின் மீது சுமத்தப்பட்ட பழி

உறக்கத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு தீர்ப்புகள் நெடுங்காலமாகப் புழங்கி வருகின்றன. ஒன்று, அது சோம்பலின் உடன்பிறப்பு. மற்றொன்று, அது ஒரு சிறிய மரணம். முதலாவதற்குக் கும்பகர்ணனைச் சாட்சிக்கு அழைப்பார்கள், இரண்டாவதற்கு வள்ளுவரை. ஆனால் நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவர் சாவைத்தான் உறக்கத்துக்கு ஒப்பிட்டார். உறக்கத்தைச் சாவுக்கு அல்ல. உவமையைத் தலைகீழாக்கியவர்கள் பின்வந்தவர்களே. இவ்விரு தீர்ப்புகளும் பிழையானவை. அதைவிட முக்கியமாக, நோயுற்ற மனிதர்களுக்குத் தீங்கிழைப்பவை என்பதே எங்கள் வாதம்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் விசித்திரமானதொரு மூளை அழற்சி நோய் பரவியது. வியன்னாவில் பணியாற்றிய கான்ஸ்டான்டின் வான் எகானமோ 1917இல் அதை விவரித்தார். நோயாளிகளில் பலர் நாள்கணக்கில், வாரக்கணக்கில் உறங்கினர். வேறு சிலரோ உறக்கமே வராமல் தவித்தனர். இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்த அவர், ஹைப்போதலாமஸ் பகுதியின் பின்புறம் சிதைந்தவர்கள் ஓயாது உறங்கியதையும், முன்புறம் சிதைந்தவர்கள் உறக்கமின்றிக் கிடந்ததையும் கண்டார். விழிப்புக்கு ஓரிடம், உறக்கத்துக்கு வேறோரிடம்! விழிப்பு அணைந்தபின் எஞ்சும் இருளே உறக்கம் என்ற எண்ணம் அன்றே கைவிடப்பட்டிருக்க வேண்டும்.

பின்வந்த ஆய்வுகள் அவரை மெய்ப்பித்தன. மூளைத்தண்டின் வலைப்பின்னல் பகுதியைத் தூண்டினால் மூளையின் மின்னலைகள் விழிப்பு நிலைக்கு மாறுவதை 1949இல் மொருஸ்ஸியும் மகூனும் பூனைகளில் காட்டினர். உறக்கத்தின்போது செயல்படும் நரம்பணுத் திரள் ஒன்று ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் 1996இல் அடையாளம் காணப்பட்டது. இவ்விரு தரப்பும் ஒன்றையொன்று அடக்குகின்றன; சீசா பலகையைப் போல ஒரு புறம் எழுந்தால் மறுபுறம் தாழ்கிறது. உறங்கும் மூளை வேலை நிறுத்தம் செய்யவில்லை; வேறு வேலையில் ஈடுபட்டிருக்கிறது.

கனவே இதற்குச் சான்று. மூடிய இமைகளுக்குக் கீழே கண்கள் வேகமாக உருளும் உறக்கக் கட்டத்தை அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் அறிவித்தனர். செறிவான கனவுகள் பெரிதும் எழுவது அப்போதுதான். அந்நேரத்தில் மூளையின் மின்னலைகள் விழிப்பை ஒத்திருக்க, உடலின் தசைகளோ மூளைத்தண்டின் ஆணையால் செயலிழக்கின்றன. கனவில் ஓடுகிறவன் கட்டிலை விட்டு ஓடாதது இதனால்தான். விழித்த பின்னும் சில கணங்கள் அந்தக் கட்டு அவிழாதிருந்தால், அதையே நம் ஊர்களில் ‘அமுக்குவான் பேய்’ என்கிறார்கள்.

இனி நாங்கள் சொல்ல வந்த மனிதர்களிடம் வருவோம். நார்கோலெப்சி நோய் பெரும்பாலும் விடலைப் பருவத்தில் தொடங்குகிறது. பாடவேளையில், பேருந்தில், சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே உறக்கம் வந்து கவிகிறது. வாய்விட்டுச் சிரித்தால் சிலருக்கு முழங்கால் மடிந்து உடல் சரிகிறது, நினைவு தப்புவதில்லை. கனவுக்குரிய அந்தத் தசைக்கட்டு, விழிப்புக்குள் அத்துமீறி நுழைவதன் விளைவு இது. விழிப்பை நிலைநிறுத்தும் ஓரெக்ஸின் என்ற வேதிப்பொருள் 1998இல் கண்டறியப்பட்டது. 2000இல் இந்நோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்தபோது, அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் ஏறத்தாழ முற்றிலும் அழிந்திருந்தன. பல்லாயிரம் அணுக்களே கொண்ட ஒரு சிறு கூட்டம். அது அழிந்ததும் சீசா பலகை நிலைகொள்ளாமல் ஆடுகிறது. அதே ஓரெக்ஸினின் செயலைத் தடுக்கும் மருந்தொன்று தூக்கமின்மைக்காக 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய பிள்ளையைத்தான் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துகிறோம். ‘தூங்குமூஞ்சி’ என்று பட்டம் சூட்டுகிறோம். நோய் இன்னதென்று தெரியவே பலருக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அவர்கள் உண்பது வசையை.

“அப்படியானால் சோம்பேறிகளே உலகில் இல்லையா? மன உறுதிக்கு வேலையே இல்லையா?” என்று கேட்கலாம். உண்டு. தேர்வுக்கு முந்திய இரவில் கண்விழிக்கும் மாணவன் மன உறுதியால்தான் விழித்திருக்கிறான். ஆனால் விழித்திருக்கும் ஒவ்வொரு மணிநேரத்திலும் அவன் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகிறது. அவன் குடிக்கும் காப்பி, அடினோசின் வந்து அமரவேண்டிய இடத்தை மறித்துக்கொள்கிறது. கடனைத் தள்ளிப்போடுகிறதேயன்றி அடைப்பதில்லை. மன உறுதிக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையை வகுப்பது ஒழுக்கம் அல்ல, உடல். நோயாளிக்கோ அந்த எல்லை வாசற்படியிலேயே வந்து நிற்கிறது.

வள்ளுவர் மடியின்மையில் கடிந்தது, செய்யவேண்டியதைச் செய்யாமல் உறக்கத்தில் ஒதுங்குவதை. அதை எடுத்து நரம்பணு அழிந்தவன் தலையில் அடிப்பது குறளுக்கும் நியாயமன்று, அவனுக்கும் நியாயமன்று. கதைகளில் தூங்குமூஞ்சிப் பாத்திரத்தை நகைச்சுவைக்கென்று எளிதாகப் படைத்துவிடுகிற நம் எழுத்தாளர்களும் ஒரு கணம் யோசிக்கட்டும். வகுப்பில் ஒரு பிள்ளை தொடர்ந்து உறங்கினால், பிரம்பைத் தேடுமுன் மருத்துவரைத் தேடும்படி ஆசிரியர்களையும் பெற்றோரையும் வேண்டுகிறோம்.