நம்மூரையும் ஒருநாள் பார்ப்போமா?



வெளியூரிலிருந்து சம்பந்தி வீட்டார் கொழும்புக்கு வருகிறார்கள். "ஊரைக் கொஞ்சம் சுற்றிக் காட்டுங்களேன்" என்கிறார்கள். எங்கே அழைத்துப் போவீர்கள்? காலிமுகத்திடல், மிருகக்காட்சிசாலை, பிறகு ஒரு புடைவைக் கடை. அத்தோடு பட்டியல் முடிந்துவிடும், இல்லையா?

பிறந்து வளர்ந்த ஊர் கண்ணில் படுவதில்லை. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம், பிள்ளைகளின் டியூஷன், சாமான்களின் விலை... இவைதான் நமக்கு நகரம். சற்றே நின்று பார்த்தால் அதன் ஒவ்வொரு மூலையிலும் ஒரு குடும்பக் கதை இருக்கிறது.

புறக்கோட்டையின் வாசலில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பாருங்கள். கான் என்ற பார்சிக் குடும்பத்துப் பிள்ளைகள் தம் தந்தையின் நினைவாக 1923இல் கட்டிக் கொடுத்தது அது. கோட்டை சதாம் வீதிச் சந்தியிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரமோ, தேசாதிபதி ஹென்றி வார்டின் மனைவி எமிலி வரைந்த திட்டப்படி 1857இல் எழுந்தது. 1867இல் அதையே வெளிச்சவீடாகவும் ஆக்கினார்கள். சுற்றிலும் கட்டிடங்கள் உயர்ந்து ஒளியை மறைக்கவே, 1952இல் அந்த விளக்கு ஓய்வு பெற்றது.

காலிமுகத்திடலில் நடைபாதை அமைத்தவரும் அதே வார்ட்தான். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணுங்கள் என்று, தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளுக்கு 1859இல் கல்லில் பொறித்து வைத்தார். இறால் வடையும் கையுமாக அந்தக் கல்லை எத்தனை தடவை தாண்டிப் போயிருப்போம்!

இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசலை எல்லோரும் அறிவோம். 1908இல் தொடங்கி 1909இல் முடிந்த அந்த ஜாமிஉல் அல்பார் பள்ளியை வடிவமைத்த சாய்பு லெப்பை, கட்டிடக்கலையை முறையாகப் படித்தவர் அல்லர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையைக் கட்டி எழுப்பியவர் நம்மவரான வாப்பிச்சி மரிக்கார். "என்ன பரிசு வேண்டும்?" என்று தேசாதிபதி கிரெகரி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வைத்தால் போதும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. நீண்ட காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடியே இருந்தது.

இவற்றைத் தெரிந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். தன் முன்னோர் இந்த நகரத்துக்குக் கல் சுமந்தவர்கள் என்று அறிந்த பிள்ளை, எவர் முன்னும் இங்கே விருந்தாளியைப் போலக் கூசி நிற்காது. பார்சிகளும் பிறரும் இதே ஊருக்கு அளித்ததை அறிந்தால், இது தனக்கு மட்டுமே சொந்தம் என்றும் எண்ணாது. ஊரை அறியாதவர்களாக நாம் இருந்தால், பழைய கட்டிடம் ஒன்று இடிபடும் நாளில் போனது என்னவென்றுகூடச் சொல்லத் தெரியாமல் நிற்போம்.

ஆகவே, வருகிற ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் பிள்ளைகளோடு புறப்படுங்கள். அன்று புறக்கோட்டையில் கடைகள் பல மூடியிருக்கும். தலை நிமிர்த்திப் பார்க்கலாம். மேல்மாடிகளின் மர வேலைப்பாடும் பழைய பெயர்களும் அப்போதுதான் தெரியும். முடிந்தால் வாப்பும்மாவையும் அழைத்துப் போங்கள். எந்தத் தெருவில் டிராம் வண்டி ஓடியது, தன் கலியாணப் புடைவையை எந்தக் கடையில் எடுத்தார்கள் என்று அவர் சொல்லட்டும். பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதட்டும்.

கட்டிடங்கள் இன்னும் சில காலம் நிற்கும். அவற்றின் கதையைச் சொல்லக் கூடியவர்கள் எவ்வளவு காலம் நம்மோடு இருப்பார்கள்? கேட்க வேண்டியதை இப்போதே கேட்டு வையுங்கள்.