சாஃப்ட்னரை பட்ஜெட்லேர்ந்து தூக்கணுமா? டாப் லோட் மெஷின் வெச்சிருக்கவங்களுக்கு ஒரு கணக்கு



மளிகை பில்லைக் குறைப்பது பற்றிப் போட்ட வீடியோவுக்கு அப்புறம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "மேடம், துணிக்கு ஊத்துற கம்ஃபர்ட் அவசியமா? நிறுத்திட்டா மாசம் எவ்ளோ மிச்சமாகும்?" கேட்டவர்களில் முக்கால்வாசி ஆண்கள். மெஷினை ஓட்டுவது அவர்கள் இல்லை என்பதும் அந்த மெசேஜிலேயே தெரிந்தது. "வீட்ல தினம் ஊத்துறாங்க மேடம்" என்று எழுதியிருந்தார்கள். அந்த விஷயத்துக்கு அப்புறம் வரேன்.

முதல்ல கணக்கு. லிட்டர் 250 ரூபாய் என்று வெச்சுக்குவோம் (உங்க பாட்டில்ல இருக்கிற விலையைப் போட்டுப் பாருங்க). ஒரு லோடுக்கு 40 மில்லி, வாரத்துக்கு 5 லோடு. வருஷத்துக்கு 10.4 லிட்டர், அதாவது 2,600 ரூபாய். மாசம் 220 ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கிற செலவு இல்லை இது. ஆனா இந்த 2,600க்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்குதா? பல டாப் லோட் வீடுகளில் கிடைக்கலைங்கிறதுதான் என் வாதம்.

காரணம் எளிது. டிடர்ஜென்ட்டில் அழுக்கை எடுக்கிற முக்கியமான பொருள் எதிர்மின் தன்மை உள்ளது. சாஃப்ட்னரில் இருப்பது நேர்மின் தன்மை உள்ளது, எண்ணெய்ப் பசை மாதிரி நூலில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலம்தான் நமக்கு மிருதுவாகத் தெரிகிறது, வாசனையையும் அதுதான் பிடித்து வைக்கிறது. இரண்டையும் ஒரே தண்ணீரில் ஊற்றினால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். பவுடரும் சரியாக வெளுக்காது, சாஃப்ட்னரும் துணியில் ஒட்டாது. மிச்சம் மீதி இருப்பதும் அடுத்த அலசலில் சாக்கடைக்குப் போய்விடும். இரண்டு பொருளுக்கும் காசு கொடுத்து இரண்டையும் கெடுத்துக்கொள்கிற வேலை இது. எங்க ஆடிட் பாஷையில சொன்னா, பில் இருக்கு, சரக்கு வந்து சேரல.

டாப் லோடில் இந்தத் தப்பு நடப்பது ரொம்ப சுலபம். மூடியைத் திறந்தால் டிரம் அப்படியே கண் முன்னாடி இருக்கு. பவுடரைக் கொட்டின கையோட ஒரு மூடி கம்ஃபர்ட்டையும் ஊத்திட்டு ஸ்டார்ட் பட்டனை அமுக்கிடுவோம். ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கில் சாஃப்ட்னருக்குன்னே ஒரு சின்ன கிண்ணமோ தட்டோ இருக்கும். கடைசி அலசல் நேரத்தில் அதிலிருந்துதான் உள்ளே இறங்கணும். அதில் மேக்ஸ் கோட்டைத் தாண்டி ஊற்றினால் ஆரம்பத்திலேயே வழிந்து டிரம்முக்குள் போய்விடும். திக்காக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஊத்துங்க, இல்லேன்னா கிண்ணத்திலேயே பிசுபிசுன்னு தங்கிடும். சில மாடல்களில் டிரம் வேகமாகச் சுற்றும்போதுதான் சாஃப்ட்னர் நகரும். அந்த மெஷின்களில், விட்டுப்போன ஒரு சாக்ஸைப் போடுறதுக்காகப் பாதி சுற்றில் நிறுத்தினால் முன்கூட்டியே கொட்டிவிடலாம். உங்க மேனுவல்ல இந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படிங்க.

செமி ஆட்டோமேட்டிக்கில் கிண்ணமே கிடையாது. துவைத்து, நுரை போக அலசி, அப்புறம் புதுத் தண்ணீர் விட்டு அதில் கலந்து, ஒரு 5 நிமிஷம் சுற்ற விட்டுட்டு நேரா ஸ்பின்னுக்கு மாத்தணும். சரியா செய்யறவங்களை இந்த வகையில்தான் அதிகமா பார்த்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் கையால செய்யணும், வேற வழியே இல்லைங்கிறதுதான் காரணம்.

அடுத்தது, எந்தத் துணிக்கு. துண்டுக்கு வேண்டவே வேண்டாம். அந்தப் பசைப் படலம் தண்ணீரை உறிஞ்சுவதைக் குறைக்கும். புதுசா வாங்கின டர்க்கி டவல் ஆறு மாசத்துல உடம்பைத் துடைக்காம தண்ணியைத் தள்ளிக்கிட்டு மட்டும் போகுதுன்னா, டவல் கம்பெனியைத் திட்டுறதுக்கு முன்னாடி இதை யோசிங்க. மைக்ரோஃபைபர் துணி, வியர்வை உறிஞ்சுகிற ஜிம் டி-ஷர்ட், குழந்தைக்கு விரிக்கிற வாட்டர்ப்ரூஃப் பெட் ஷீட், இதுக்கெல்லாமும் அதே காரணம்தான், வேண்டாம்.

வேட்டிக்கும் காட்டன் புடவைக்கும் போடுறதுதான் எனக்கு சிரிப்பு வர்ற இடம். வீட்ல கம்ஃபர்ட் போட்டு மெத்துன்னு ஆக்கி, அப்புறம் கஞ்சி போட்டு மொடமொடன்னு அயர்ன் பண்ணித் தரச் சொல்லி கடைக்குக் கொடுத்து, அதுக்குத் தனியா காசு.

துணி விறைப்பா இருக்கேன்னு சொல்றவங்க நிறைய பேர் வீட்டுல போர் தண்ணி. கால்சியம், மெக்னீசியம் உப்பு துணியில் தங்கினாலும் விறைக்கும், பவுடர் சரியா அலசப்படாம தங்கினாலும் விறைக்கும். உப்புத் தண்ணியில் நுரை வரலைன்னு இன்னும் ஒரு கரண்டி போடுவோம், அது முழுசா போகாது, விறைக்கும், அதை மறைக்க சாஃப்ட்னர். ஒரு செலவு இன்னொரு செலவை இழுத்துக்கிட்டு வருது. பாட்டிலைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் எக்ஸ்ட்ரா ரின்ஸ் போட்டுப் பாருங்க. காயவைச்ச துணியை நல்லா ஒரு உதறு உதறி மடிங்க. கார்ப்பரேஷன் தண்ணி வர்ற நாள்ல வெள்ளையும் யூனிஃபார்மும் போடுங்க.

இன்னொரு செலவு பில்லில் தெரியாது. நம்ம ஊர்ல பெரும்பாலும் பச்சைத் தண்ணியிலதான் துவைக்கிறோம். சாஃப்ட்னர், கரையாத பவுடர், பஞ்சு மூணும் சேர்ந்து டிரம்முக்கு வெளிப்பக்கம் வழுவழுன்னு படியும். ஒரு நாள் அது கறுப்புத் துணுக்காப் பிஞ்சு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில ஒட்டிக்கிட்டு வரும். அப்புறம் டிரம்மைக் கழட்டி சுத்தம் பண்ண ஆளைக் கூப்பிடணும், அந்தக் கூலி ஒரு வருஷ சாஃப்ட்னர் மிச்சத்தில் நல்ல பங்கைச் சாப்பிட்டுடும். மெஷின்ல டப் க்ளீன் இருந்தா மாசம் ஒரு தடவை ஓட்டுங்க. சாஃப்ட்னருக்குப் பதில் வினிகர்னு நிறைய வீடியோ வருது. தினப்படி வழக்கமாக்க நான் சொல்ல மாட்டேன், ரப்பர் பாகங்களுக்கு நல்லதில்லை. ப்ளீச்சோட சேர்த்து எக்காரணம் கொண்டும் ஊத்தாதீங்க, விஷமான குளோரின் வாயு வரும்.

துண்டு, வேட்டி, ஜிம் துணியெல்லாம் தள்ளிட்டா 5 லோடில் 2 லோடுக்குத்தான் சாஃப்ட்னர் வேணும். வருஷத்துக்கு 1,040 ரூபாய். மிச்சம் 1,560, மாசம் 130. இந்த 130ஐ எஸ்ஐபில போட்டா, 12% வருமானத்துல 20 வருஷத்துக்கு அப்புறம் சுமார் 1.3 லட்சம்னு ஒரு தம்ப்நெயில் போடலாம். நான் போட மாட்டேன். அந்த 12%க்கு யாரும் உத்தரவாதம் தரலை, 20 வருஷம் கழிச்சு 1.3 லட்சத்துக்கு இன்னிக்கு இருக்கிற மதிப்பும் இருக்காது. அதைவிட, பாட்டில்ல மிச்சமான 130 ரூபாயைத் தனியா எடுத்து வெச்ச குடும்பத்தை நான் இன்னும் பார்க்கலை.

இப்போ அந்த ஆண்களின் கேள்விக்கு வரேன். பட்ஜெட்டைக் குறைக்கணும்னு உட்கார்ந்தவுடனே கை ஏன் துணி துவைக்கிறவங்க பாட்டில் மேல போகுது? அதே வீட்டுல யாரும் பார்க்காத ரெண்டு ஓடிடி சந்தா ஓடிக்கிட்டிருக்கும், கிரெடிட் கார்டில் மினிமம் ட்யூ மட்டும் கட்டி மிச்சத்துக்கு மாசம் 3%க்கு மேல வட்டி போய்க்கிட்டிருக்கும். 20,000 ரூபாய் பாக்கிக்கு ஒரே மாச வட்டி 600க்கு மேல, கிட்டத்தட்ட மூணு மாச சாஃப்ட்னர். அதுவும் ஜிஎஸ்டி சேர்க்காம. முதல்ல அந்த ஸ்டேட்மென்ட்டை எடுங்க சார்.

சாஃப்ட்னர் வேணுமா வேண்டாமான்னு துவைக்கிறவங்க முடிவு பண்ணட்டும். அதுல கருத்து சொல்லியே ஆகணும்னா ஒரு மாசம் நீங்க மெஷின் ஓட்டுங்க. லோடு பிரிச்சு, கிண்ணத்துல கோடு பார்த்து ஊத்தி, மொட்டை மாடியில காயப்போட்டு, மடிச்சு வெச்சிட்டு எனக்கு எழுதுங்க.