டாக்டர் வராத ஊருக்குச் சட்டம் மட்டும் வந்தால் போதுமா?

 

ராத்திரி பத்து மணி. கன்று ஈன முடியாமல் மாடு தவிக்கிறது. கால்நடை மருந்தகம் பூட்டிக் கிடக்கிறது. 1962-க்குப் போன் போட்டாலும் வண்டி வந்து சேரும்வரை மாடு தாங்கணுமே! பக்கத்து ஊரில் ஊசி போடுறவரைத்தான் கூப்பிடுகிறோம். அவர் டாக்டரா, போலியா என்று அந்த நேரத்துல யார் கேட்பாங்க?

இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984, பிரிவு 30 சொல்கிறது: பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் தவிர யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது. இதை நாம் எதிர்க்கவில்லை. கண்ட ஊசியால் மடி வீணாப்போன மாடு நம்ம தொழுவத்திலும் உண்டு.

ஆனால் அதே பிரிவில் இன்னொரு வழியும் இருக்கிறது. சான்றிதழ் படிப்பு முடித்த கால்நடை ஆய்வாளர் போன்றவர்கள், பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில், தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் போன்ற சிறு சிகிச்சைகளைச் செய்ய மாநில அரசு அனுமதி தரலாம். சின்ன வேலையை அவர்கள் பார்த்தால், கன்று மாட்டிக்கிட்ட மாட்டைப் பார்க்க டாக்டருக்கு நேரம் கிடைக்கும்.

போலியைப் பிடிப்பது பாதி வேலைதான். அசல் டாக்டரை ஊருக்கு அனுப்புவது மீதி வேலை. ஆகவே கேட்கிறோம்:

* காலியாகக் கிடக்கும் டாக்டர் பணியிடங்களை உடனே நிரப்பு!
* ராத்திரி அவசரத்துக்கும் டாக்டர் வர ஏற்பாடு செய்!
* டாக்டரின் பதிவு எண்ணையும், ஆய்வாளர் செய்யலாம் என அனுமதித்த சிகிச்சைகளையும் மருந்தகச் சுவரில் எழுதிப் போடு!

மாடு போனால் நம்ம குடும்பமே போச்சு. ஒன்றுசேர்வோம்! உரிமையைக் கேட்போம்!