மலிவாகக் கிடைக்குதேன்னு வாங்கலாமா?

"ஒரு காலத்துல முந்நூறு ரூபாய் வித்த ஷேர், இப்ப வெறும் 12 ரூபாய்தான். கம்பெனியை பெரிய இடத்துல வாங்கப் போறாங்களாம். இனி ஏறத்தானே செய்யும்?" என்றார் என் கணவர். மகளின் காலேஜ் ஃபீஸுக்கு நான் சீட்டு கட்டிச் சேர்த்த 40,000 ரூபாய் அந்த திவாலான கம்பெனிக்குப் போனது. சில மாதத்தில் அந்த ஷேரே ரத்தாகி, ஒரு பைசாகூடத் திரும்பவில்லை.

சண்டை போட்டு என்ன பயன்? ஏன் இப்படி ஆச்சு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 2016-ல் வந்த திவால் சட்டப்படி பணம் பிரிப்பது, ரேஷன் கடை வரிசை மாதிரிதான். முதலில் வழக்கு நடத்திய செலவு. அடுத்து தொழிலாளர் சம்பள பாக்கி, அடமானத்தின் பேரில் கடன் கொடுத்த பேங்குகள். பிறகு மற்ற கடன்காரர்கள், அரசாங்க பாக்கி. கடைசி ஆள்தான் ஷேர் வாங்கிய நாம். நம் முறை வரும்போது மூட்டை காலி!

டி.எச்.எஃப்.எல். கம்பெனியையே பாருங்கள். 2018-ல் 600 ரூபாய்க்கு மேல் விற்ற ஷேர். கடன் பாக்கி சுமார் 87,000 கோடி. 2021 செப்டம்பரில் பிரமல் நிறுவனம் சுமார் 34,250 கோடிக்கு எடுத்துக்கொண்டது. டெபாசிட் போட்டவர்களுக்கே முழுப் பணம் வரவில்லை. பழைய ஷேர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். கம்பெனி பிழைத்தது, ஷேர் வைத்திருந்தவர்கள் பிழைக்கவில்லை.

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. மீட்புத் திட்டத்துக்கு 2021-ல் அனுமதி கிடைத்ததும் பலர் நம்பிக் காத்திருந்தார்கள். 2024 நவம்பரில் சொத்தை விற்றுக் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டது சுப்ரீம் கோர்ட். இத்தனை வருஷமும் அந்த ஷேர் சந்தையில் கைமாறிக்கொண்டுதான் இருந்தது. விற்பனைக்கு இருக்கிறது என்பதாலேயே அதற்கு மதிப்பு இருக்கிறது என்று நினைக்கக் கூடாது.

ஷேரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கும் முன், கம்பெனி திவால் வழக்கில் இருக்கிறதா என்று பங்குச் சந்தையின் இணையதள அறிவிப்பில் பாருங்கள். "வேற ஒருத்தர் வாங்கப் போறாங்க" என்று யாராவது சொன்னால், "அந்தப் பணம் யாருக்குப் போகும்?" என்று கேளுங்கள்.

தள்ளுபடியில் வாங்கின புடவை சாயம் போனாலும் தலையணை உறை தைக்கலாம். திவாலான கம்பெனி ஷேர் எதற்கு ஆகும், சகோதரிகளே?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.