திருச்சியிலிருந்து பலாலிக்கு எவ்வளவு நேரம்?

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நூல் பிடித்தாற்போல் அளந்தால் ஏறக்குறைய 185 கிலோமீட்டர், விமானிகளின் கணக்கில் சுமார் 100 கடல் மைல்தான் தூரம்; திருச்சியிலிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுகிறவர்கூட இதைவிட அதிகமாகப் பிரயாணம் செய்கிறார். 2025 மார்ச் இறுதியில் இண்டிகோ நிறுவனம் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே விமானம் விடத் தொடங்கியபோது, கால அட்டவணையில் சுமார் ஒரு மணி நேரம் என்று குறித்திருப்பதைக் கண்டு, மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஏ.டி.ஆர் விமானத்துக்கு 25 நிமிஷம் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு.

கேள்வி நியாயமானதே. ஆனால் சக்கரங்களுக்கு அண்டைகொடுத்த கட்டைகளை உருவிய கணத்திலிருந்து, அக்கரையில் விமானம் வந்து நின்று மீண்டும் கட்டை வைக்கும் கணம் வரையில் உள்ள அவகாசம் முழுவதையும் அட்டவணை கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மெல்ல மெல்ல மேலேறுவதும், இந்தியக் கட்டுப்பாட்டிலிருந்து இலங்கைக் கட்டுப்பாட்டுக்குக் கைமாறி, விதித்த மார்க்கத்தில் வளைந்து இறங்குவதும் அதில் அடக்கம். பூரண வேகத்தை எட்டிய சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டிய சிறு பிரயாணம் இது.

ஆகாயத்தில் கழியும் நேரத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. முன்பெல்லாம் திருச்சிக்காரர் யாழ்ப்பாணம் போக, கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே பறந்து, ஏறத்தாழ அதே தூரம் தரைவழியாக வடக்கே திரும்ப வேண்டியிருந்ததை நினைத்தால், இந்த ஒரு மணி நேரம் பெரும் பாக்கியம். கைக்கடிகாரத்தைத் திருத்தும் சிரமமும் கிடையாது. 2006 முதல் இரு தேசங்களுக்கும் ஒரே நேரந்தான். என் ஆட்சேபமெல்லாம் தரையில் கழியும் நேரத்தைப் பற்றியது. வெளிதேசப் பிரயாணம் என்பதற்காக இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து, பாஸ்போர்ட் பரிசோதனை, சுங்கம், பெட்டிக்காகக் காத்திருத்தல் என்று ஒவ்வொன்றிலும் நின்று, பின் பலாலியிலிருந்து பட்டணத்துக்கு வண்டி பேசுகிற தஞ்சாவூர்க் குடும்பத்துக்கு, காலையில் வீட்டைப் பூட்டியது முதல் உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்காரும் வரையில் பகற்பொழுதில் பெரும்பகுதி போய்விடுகிறது.

தரையில் கழியும் நேரமும் பிரயாணத்தில் சேர்ந்ததுதான் என்பதை நம் முன்னோர்களின் ரயில்வே கம்பெனிகள் நன்கு உணர்ந்திருந்தன. 1914 முதல் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று மூன்று வாகனங்கள் மாறினாலும், பிரயாணியின் கையில் இருந்தது ஒரே டிக்கெட். ரயிலும் கப்பலும் ஒன்றுக்கொன்று காத்திருந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழியும் போயிற்று.

ஆகவே விமானம் இறங்கும் வேளைக்குப் பலாலி வாசலில் யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு ஒரு பஸ்ஸும், திருச்சி வாசலில் தஞ்சாவூர், நாகப்பட்டினம் செல்ல ஒரு பஸ்ஸும் தயாராக நிற்கவும், அவற்றின் கட்டணம் விமான டிக்கெட்டிலேயே சேரவும், சிறு விமானத்தின் எழுபது சொச்சம் பிரயாணிகளுக்குத் தனி வரிசை வைத்து முன்கூட்டி வரும் நேரத்தைக் குறைக்கவும் இரு தேசத்து அதிகாரிகளும் விமானக் கம்பெனியும் கலந்து ஏற்பாடு செய்ய வேண்டும்.