மூடிய குடுவையும் திறந்த வெயிலும்
கண்ணாடிக் குடுவைக்குள் தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் பூவாளியைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுவது நல்லது. 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு பாட்டிலில் மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்க்கத்தான் வைத்தார். மண்ணிலிருந்து பெரணியும் புல்லும் முளைத்து வந்தன. பகலில் ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணுக்கே இறங்குகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். மூடிய குடுவைக்கு மாதக்கணக்கில் தண்ணீர் தேவைப்படாது. எந்நேரமும் கண்ணாடி வியர்த்துக்கொண்டிருந்தால் ஈரம் மிகுதி; மூடியைச் சில மணிநேரம் திறந்து வையுங்கள். அழுகிய இலையை உடனே எடுத்துவிடுங்கள். பாசி, சிறு பெரணி, ஃபிட்டோனியா போன்றவை இதற்குள் சுகமாக வாழும். கள்ளி வகைகளை மூடிய குடுவையில் அடைத்து விற்கிறார்களே, அது வியாபாரம்; செடி வளர்ப்பு இல்லை. வறண்ட நிலத்துச் செடி அந்த ஈரத்தில் அழுகத்தான் செய்யும். நம் ஊரில் ஈரத்தைவிடப் பெரிய எதிரி வெயில். 1860-இல் ஆங்கிலேயரான கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து, வார்டின் வழியில் செய்த மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் உதகைக்குக் கொண்டுவந்த, கொயினா மருந்து தரும் சிங்கோனா மரக்கன்றுகள் பிழைக்கவில்லை. செங்கடல் வழியில் பட்ட வெக்கையும் அதற்கு ஒரு காரணம். கடல் கடந்த பெட்டிக்கே அந்தக் கதி என்றால், சென்னையில் மேற்குப் பார்த்த ஜன்னலில் சித்திரை மாதம் வைத்த குடுவை என்னாகும்? வெளிச்சம் வரட்டும், நேர்வெயில் வேண்டாம். உரமும் வேண்டாம், செடி சீக்கிரம் வளர்ந்து மூடியை முட்டினால் கத்தரிக்கோலோடு மல்லுக்கட்டப்போவது நீங்கள்தான்.