'பாக்ஸ் கூலர்தான் சார் போட்டிருந்தேன்!' - வாரன்ட்டிக்காக ஒரு பொய் தேவையா?

சர்வீஸ் சென்டர்ல பிராசஸரை நீட்டினதும் வர்ற முதல் கேள்வி, "எப்போ வாங்கினீங்க?" அதுக்கு பில் பதில் சொல்லிடும். ரெண்டாவது கேள்விதான் வம்பு. "எந்த கூலர் போட்டிருந்தீங்க?"

வீட்டுல ரெண்டு ஃபேன் வச்ச பெரிய டவர் கூலர் இருக்கும். ஆனா வாய் தன்னால, "பாக்ஸ்ல வந்த அதே கூலர்தான் சார்"னு சொல்லிடும்.

இந்தப் பொய்யைச் சொல்ல வைக்கிறதே ஒருவகையில கம்பெனிகள்தான். கூலரோட வர்ற பிராசஸர்களுக்கான ஏ.எம்.டி வாரன்ட்டியில, பெட்டியில இருக்கும் கூலரைத் தவிர வேற எதைப் போட்டாலும் வாரன்ட்டி செல்லாதுங்கிற அர்த்தத்துல ஒரு வரி இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னாடி டெக் பத்திரிகைகள் இதைக் கிளப்பினதும், 'வேற கூலர் போட்டதாலேயே வாரன்ட்டி போயிடாது, அந்த கூலரால சேதம் வந்திருந்தாதான் போகும்'னு விளக்கம் வந்தது. இந்த ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! ஆனா மிரட்டல் வரியைப் படிச்சவங்க எல்லாரும் விளக்கத்தைப் படிச்சிருப்பாங்களா என்ன? இத்தனைக்கும் 5800எக்ஸ், 7800எக்ஸ்3டி மாதிரியான ரைசன் பிராசஸர்களோட பெட்டியில கூலரே கிடையாது. நாமளேதான் தனியா வாங்கி மாட்டணும்.

சரி, வேற கூலரால பிராசஸர் சாகுமா? சூட்டால செத்துப்போறது அபூர்வம். 13900கே மாதிரியான இன்டெல் பிராசஸர்கள் 100 டிகிரியைத் தொட்டதும் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். அதையும் தாண்டினா சிஸ்டமே ஆஃப் ஆகிடும். கூலர் சரியில்லைன்னா கேம் திக்கும், அவ்வளவுதான்.

நிஜமான ஆபத்து வேற இடத்துல இருக்கு. அழுத்தம்! 2015-ல வந்த இன்டெல் ஸ்கைலேக் பிராசஸர்களோட அடித்தட்டு, முந்தைய தலைமுறையைவிட மெலிசு. சில கனமான கூலர்களை மாட்டின கம்ப்யூட்டர்கள் போக்குவரத்துல குலுங்கினா, பிராசஸரே வளையற அபாயம் இருக்குன்னு அந்த வருஷக் கடைசியில தெரிய வந்தது. ஜப்பானைச் சேர்ந்த சைத் நிறுவனம் ஒளிச்சு மறைக்கலை. தன்னோட எந்தெந்த கூலர்கள்ல பிரச்னை வரலாம்னு அதுவே சொல்லி, மாத்து ஸ்க்ரூக்களை இலவசமாவும் கொடுத்தது. அடுத்தவன் தயாரிப்பு மெலிசா இருந்தா நாங்க என்ன பண்றதுன்னு கைகழுவியிருக்கலாம். செய்யலை.

நம்மாளுங்ககிட்ட அதிகமா மாட்டுறது ஏ.எம்.டி-யோட ஏ.எம்.4 சாக்கெட். அதுல பின் எல்லாம் பிராசஸரோட அடியிலயே இருக்கும். தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சு பசை மாதிரி ஒட்டியிருக்கும்போது கூலரை வெடுக்குனு இழுத்தா, லாக்கைத் திறக்காமலேயே பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிட்டு வந்துடும். பின் வளையும். அது நம்ம கைத்தப்பு. "பெட்டியைத் திறக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு"னு கிளெய்ம் போடுறது பச்சைப் பொய். அதைவிட மோசம், பழைய பிராசஸரைப் புதுப் பெட்டியில வச்சு ஆன்லைன்ல ரிட்டர்ன் அனுப்புறது. அந்தப் பெட்டி அப்படியே அடுத்த ஆள் வீட்டுக்குப் போய் நின்னா, அவர் சொல்றதை யார் நம்புவாங்க?

கம்பெனிகளும் யோக்கியம்னு சொல்லிட முடியாது. ரேம் முழு வேகத்துல ஓட பயாஸ்ல எக்ஸ்.எம்.பி, எக்ஸ்போன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும். விளம்பரத்துல அந்த வேகத்தைத்தான் காட்டுவாங்க. வாரன்ட்டின்னு வந்தா, அது ஓவர்கிளாக்கிங் கணக்குல சேர்ந்துடும். 2023-ல ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகினப்போ, அசூஸ் மதர்போர்டுக்கான பீட்டா பயாஸை வெளியிட்டுட்டு, 'இதைப் போட்டா வாரன்ட்டி போகலாம்'னும் ஒரு எச்சரிக்கையை ஒட்டி வச்சது. கருகாம இருக்கத் தர்ற மருந்துக்கே வாரன்ட்டி இல்லையாம்! கண்டனம் கிளம்பின பிறகுதான் பீட்டா பயாஸ், எக்ஸ்போ ரெண்டுக்கும் வாரன்ட்டி உண்டுன்னு அறிவிச்சாங்க.

இதையெல்லாம் பார்த்தா, "அவனே இப்படி, நான் மட்டும் உண்மை பேசணுமா?"னு தோணும். அங்கேதான் இன்டெல் கதை முக்கியம். 13, 14-ம் தலைமுறை கோர் பிராசஸர்கள் கேம் நடுவுல கிராஷ் ஆகிட்டே இருந்தது. திரையில வந்த எர்ரரோ, 'வீடியோ மெமரி போதவில்லை'. பழி கிராஃபிக்ஸ் கார்டு மேல விழுந்தது. கூலர், மதர்போர்டு, செட்டிங்ஸ்னு எல்லாத்தையும் மறைக்காம சொன்னவங்களோட தகவல்கள் சேரச் சேரத்தான், கோளாறு பிராசஸர்லதான்னு சந்தேகம் பலமாச்சு. 2024-ல, அளவுக்கு மீறின வோல்டேஜ் கேட்டு பிராசஸர் தன்னைத் தானே கெடுத்துக்குதுன்னு இன்டெல் ஒப்புக்கிட்டது. ஆகஸ்ட்ல மைக்ரோகோட் திருத்தம் வந்தது. 3 வருஷ வாரன்ட்டி 5 வருஷமாச்சு. எல்லாரும் "செட்டிங்ஸ் எதையும் தொடலை சார்"னு ஒரே பொய்யைச் சொல்லியிருந்தா, அந்த வோல்டேஜ் கோளாறைப் பிரிச்சுப் பார்த்திருக்கவே முடியாதுங்கிறது என் எண்ணம்.

அமெரிக்காவுல 1975-ல வந்த மேக்னுசன்-மாஸ் சட்டப்படி, குறிப்பிட்ட பிராண்டு பாகத்தைத்தான் பயன்படுத்தணும்னு வாரன்ட்டியில நிபந்தனை போட முடியாது. அந்த பாகத்தை இலவசமா தந்தா விலக்கு உண்டு. நம்ம ஊர்ல நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 'நியாயமற்ற ஒப்பந்தம்'னா என்னன்னு வரையறுத்திருக்கு. உண்மையைச் சொல்லியும், காரணம் காட்டாம கிளெய்மைத் தள்ளினா, மறுப்பை எழுத்துல வாங்கிட்டு 1915-க்கு போன் போடலாம். ஆனா முதல்ல பொய் சொல்லிட்டு அப்புறம் புகார் கொடுக்கப் போனா, அந்தப் பொய்தான் முதல்ல விசாரணைக்கு வரும்.

அதனால பாஸ், புது கூலர் மாட்டுற அன்னிக்கே பின், சாக்கெட், பிராசஸர் மேல இருக்கிற நம்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சிடுங்க. பாக்ஸ் கூலரைத் தூக்கிப் போடாதீங்க. ஏ.எம்.4-ல கூலரைக் கழட்டும்போது, சிஸ்டத்தைப் பத்து நிமிஷம் ஓட்டி பேஸ்ட் இளகினதும் ஆஃப் பண்ணி, பவர் கேபிளைப் பிடுங்கிட்டு, இப்படியும் அப்படியும் லேசா திருகிட்டு அப்புறம் தூக்குங்க.